வெளியே போறது உண்டா?

அத்தியாயம் பதினான்கு

கண்டக்டர் பெருமாள்சாமியை நாம் மறக்க நினைத்தாலும் ஊர் விடுவதாக இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற பஸ்ஸில் ஏறும் இளவட்டங்கள் இன்றைக்கும் கண்டக்டரிடம், "கண்டக்டர் ஸ்டாப்பிங் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்கிறார்கள். அப்படி ஒரு ஸ்டாப்பிங் கிடையாது. மறைவுக்கு ஒரு உடைமரம்கூட இல்லாத கரிசல்காடுதான் அங்கே இருக்கிறது. போன தை மாதம், கல்யாணக் கூட்டம் நெருக்கியடித்து நின்ற பஸ்ஸை விசில் அடித்து நிறுத்திவிட்டுப் பெருமாள்சாமி இறங்கி ஓடப் பார்த்த இடம் அது. படிக்கட்டைத் தாண்டுவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துபோனது. காக்கிக் கால்சட்டை காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குள் போனவர் போனவர்தான். ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசல்படி இறங்கவில்லை.

பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் என்றார்கள். மாத்திரைக்கு அடங்கும், மறுபடி கிளம்பும், முழுசாக விட்டுப்போகாது என்றார்கள். சொந்தக்காரர்கள் விசாரித்தபோது அவர் பொண்டாட்டி முத்துத்தாய், "மூலச்சூடு" என்று சொல்லி வைத்தாள். மூலம் கௌரவமான சீக்கு. பெரிய மனுஷர்களுக்கெல்லாம் வருகிறது. ரத்தமும் சளியுமாக நாளைக்குப் பத்துத் தடவை போவதற்குத்தான் நம் ஊரில் மரியாதையான பெயர் இல்லை.

போதாக்குறைக்கு, பின்முற்றத்தில் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, ஒரு கக்கூஸும் கட்டிக்கொண்டார். அந்தத் தெருவில் முதல் கக்கூஸ் அது. வெளிக்குப் போவதற்குக்கூட வெளியே போக வேண்டாத ஆள் என்று அவரை அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். அவர் காதில் அது விழாமல் இல்லை.

இன்று காலை அவர் விழுந்தார்.

விழுந்தார் என்றால் மாடியிலிருந்து அல்ல. உள்ளறைக்கும் நடைக்கும் நடுவே இருக்கிற நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. இடுப்பில் சுளீரென்று ஒரு வலி. அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாளாகவே அவர் நடை வாத்து நடைதான். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரல் பட்டால்கூட உயிர் போகும். படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவராகவே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்கூலுக்குக் கிளம்பி நின்ற மகள் பாலம்மாள்தான் முதலில் பார்த்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். சிறுபிள்ளையில் அப்பாவுடைய தோல்பையை மாட்டிக்கொண்டு, வீடெல்லாம் "ரைட், ரைட்" என்று திரிந்தவள்.

"யம்மா, அப்பா விழுந்துட்டாவ!"

முத்துத்தாய் தறி ஷெட்டில் நூல் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தவள், தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இந்தாருங்க, எங்கன அடி?"

"அடி ஒண்ணுமில்லட்டி. நீ வேலைக்குப் போ."

"எந்திரிங்க பாப்போம்."

எழுந்திருக்க முடியவில்லை. பொண்டாட்டி ஒரு கையும் மகள் ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு காலத்தில் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூட்டையை ஒற்றையாளாக பஸ் மேலே ஏற்றிய மனுஷர். மகளின் தோளில் தொங்கி நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரிக்‌ஷா கூட்டிட்டு வா பாலம்மா. இன்னைக்கு நீ ஸ்கூலுக்குப் போக வேண்டாம்" என்றாள் முத்துத்தாய்.

"பகல்லயா போகணும்?" என்றார் பெருமாள்சாமி.

"ஒங்களுக்காக டாக்டரம்மா ராத்திரியில கடை தொறப்பாவளா?"

ரிக்‌ஷா வந்தது. அவர் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டு, முகத்தை முக்கால்வாசி மூடிக்கொண்டு ஏறினார். பஸ் ஸ்டாண்டு வழியாகப் போக வேண்டாம், சுற்றிப் போ என்று ரிக்‌ஷாக்காரனிடம் சொன்னார். அவன் சுற்றித்தான் போனான். ஆனால் போகிற வழியெல்லாம், "யாருப்பா அது முக்காட்டுக்குள்ள?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நம்ம கண்டக்டர் அண்ணாச்சிதான்" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே போனான். பாலம்மாள் ரிக்‌ஷாவுக்குப் பின்னால், யாரோ வேற்றாள் மாதிரி, தள்ளித் தள்ளி நடந்து வந்தாள்.

டாக்டரம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வைத்தியத்தில் கெட்டி. பேச்சுத்தான் கொஞ்சம் வேறு மாதிரி. வைகாசியில் பெருமாள்சாமி உடம்பு வலி என்று வந்தபோது அந்தப் பேச்சு ஒரு காரியம் செய்துவிட்டிருந்தது. அது என்ன என்று இன்றைக்குத்தான் வெளிச்சமானது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார் டாக்டரம்மா. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு தரம் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பெருமாள்சாமியின் காலைப் பிடித்து முன்னெலும்பை ஒரு விரலால் லேசாக அழுத்தினார். பெருமாள்சாமி "ஐயோ" என்று கத்திவிட்டார்.

"எலும்பு மெத்துனு ஆகிப்போச்சுங்க. இடுப்புல ஒரு எடத்துல கீறல் மாதிரி விட்டிருக்குது. வெயிலே படாம இருக்கறவங்களுக்குத்தான் இப்படி வரும். ஆனா நீங்கதான் தெனமும் ரெண்டு தடவை வெளிய போறவராச்சே? எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அன்னிக்குக் கேட்டேனுங்களே, வெளிய போறதுண்டான்னு?"

பெருமாள்சாமிக்கும் ஞாபகம் இருந்தது. அன்று பக்கத்திலேயே கம்பவுண்டர் நின்றான். திரைக்கு அந்தப்புறம் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொம்பளை டாக்டர், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, வெளியே போறது உண்டா என்று கேட்டால் என்ன சொல்வது? பத்துத் தடவை என்ற உண்மையை விழுங்கிவிட்டு, "நாளைக்கு ரெண்டு தடவை" என்று சொல்லி வைத்தார். "எவ்வளவு நேரமுங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. "பத்து நிமிஷம்" என்றார் இவர். "காலையிலயா, சாயந்தரமா?" "ரெண்டு நேரமும்." டாக்டரம்மாவுக்குத் திருப்தி. வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

இப்போது அவர் துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். முத்துத்தாய்தான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு தடவையா? யாரு சொன்னா? பத்துத் தடவைக்குக் கொறையாமப் போறாவ டாக்டரம்மா."

"பத்துத் தடவை வெளிய போறாருங்களா? அப்ப உடம்புல வெயில் நிறையப் பட்டிருக்குமே!"

"வெயிலா? கக்கூஸுக்குள்ள எங்கன இருந்து வெயிலு?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திரைக்கு அந்தப்புறம் ஒரு கிழவர் முதலில் களுக்கென்று சிரித்தார். அடக்கிப் பார்த்த கம்பவுண்டர் அதைக் கேட்டதும் அடக்க மாட்டாமல் வெடித்துவிட்டான். முத்துத்தாய் யாரையும் கவனிக்காமல் மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

"ஆஸ்பத்திரிக்கு வாரதத் தவிர அவிய வீட்ட விட்டு எறங்கி எட்டு மாசமாச்சு. பாலு வேண்டாங்காவ, மீனு வேண்டாங்காவ, முட்டை வேண்டாங்காவ. கஞ்சித்தண்ணியும் மோருந்தான். ரத்தமாப் போவுதே, அதச் சொன்னாவளா ஒங்ககிட்ட?"

பெருமாள்சாமிக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. கம்பவுண்டர் சிரித்ததுகூடப் பெரிதில்லை. கதவோரம் பாலம்மாள் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தாவணி முனையை விரலில் இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கம்பவுண்டரை வெளியே அனுப்பினார். அவர் முகமும் சிவந்துதான் இருந்தது.

"தப்பு என்னோடதுங்க. இந்த ஊர்ல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு தெரியாமக் கேட்டுட்டேன். நீங்க ஒண்ணு சொன்னீங்க, நான் ஒண்ணு புரிஞ்சுக்கிட்டேன். மூணு மாசம் வீணாப் போயிருச்சு. அதுவுமில்லாம, சங்கரன்கோயில்ல இருக்கற ஒருத்தருக்கு வெயில் பத்தாமப் போகும்னு நான் நினைச்சே பாக்கலீங்க."

யார்தான் நினைப்பார்கள்? சங்கரன்கோவில்காரன் வெயில் இல்லாமல் சீக்காளியானான் என்றால், கடற்கரைக்காரன் உப்பு இல்லாமல் செத்தான் என்கிற மாதிரி அல்லவா!

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் ஒட்டுவதற்கு டி வைட்டமின் வேண்டும். அதைத் தோலிலே உண்டாக்கித் தருவது வெயில். குடலில் புண் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுச் சத்து ஒழுங்காகச் சேராது. புண்ணுக்குக் கொடுக்கிற மாத்திரையிலேயே ஒன்று எலும்பின் சத்தை உறிஞ்சிவிடும். இதற்கு மேல் வெயிலையும் நிறுத்திவிட்டால் எலும்பு எதைக்கொண்டு நிற்கும்?

"வெயில்ல ஒக்காந்தா வயித்துப் புண்ணு ஆறுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"அது எனக்குத் தெரியாதுங்க. தெரியாததைச் சொல்ல மாட்டேன். எலும்பு பலப்படும், அது நிச்சயம். ஊசி போடறேன். பாலு, மீனு எது ஒத்துக்குதோ கொஞ்சங் கொஞ்சமாச் சேருங்க. தெனமும் காலையில பத்து மணிக்கு மேல அரைமணி நேரம், சட்டை இல்லாம, முதுகிலயும் கையிலயும் வெயில் படணும்." கொஞ்சம் நிறுத்தி, சிரிக்காமல் சொன்னார்: "வெளியன்னு சொல்ல மாட்டேனுங்க. வெயில்ல. தெருவுல, வெயில்ல."

"ஒக்காரலேன்னா?" என்றார் பெருமாள்சாமி. வந்ததிலிருந்து அவராகப் பேசிய முதல் பேச்சு அது.

"அந்தக் கீறல் முறிவா மாறிடுமுங்க. அப்புறம் பஸ்ல இல்ல, வீட்டுலயே நிக்க முடியாது."

வீடு வந்து சேர்ந்ததும் சண்டை ஆரம்பித்தது.

வெயில் எங்கே இருக்கிறது? இரண்டு பக்கமும் மச்சு வீடுகள். இவர்கள் வீடு ஓட்டு வீடு. வெயில் விழுகிற மாதிரி ஒரு பாய் அகலத்துக்கு இருந்த பின்முற்றத்தையும் கக்கூஸ் விழுங்கிவிட்டது. மிச்சம் இருப்பது தெருதான். வாசல்படிக்குக் கீழே, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிற இடம்.

"முக்காலியப் போட்டு ஒக்காருங்க. எவன் என்ன சொல்லுதான்னு நான் பாக்கேன்" என்றாள் முத்துத்தாய்.

"ஒனக்கென்ன, நீ ஷெட்டுக்குப் போயிருவ. ஸ்டாப்பிங் இங்கன வந்துட்டும்பானுவ."

"சொன்னா சொல்லிட்டுப் போறானுவ. எலும்பு அவனுவளுக்கா முறியப் போவுது?"

"வேண்டாம்மா" என்றாள் பாலம்மாள். திடீரென்று சத்தமாகச் சொன்னாள். "அப்பா தெருவுல ஒக்கார வேண்டாம். ஊசி போதும்."

"டாக்டரம்மா சொன்னதக் கேட்டியா இல்லையாட்டி?"

"சட்டையில்லாம, தெருவுல, எல்லாரும் பாக்க... வேண்டாம்மா. ஸ்கூல் பிள்ளைக இந்த வழியாத்தான் போவாளுவ."

முத்துத்தாய்க்கு வந்த கோபத்தில் ரெண்டு வைத்திருப்பாள். பெருமாள்சாமிதான் தடுத்தார். "பிள்ள சொல்லுததுல என்னட்டி தப்பு?" என்றார். உள்ளுக்குள்ளே அவருக்கு ஒரு நிம்மதி. தன் கோழைத்தனத்துக்கு மகளே ஒரு சாக்குக் கொடுத்துவிட்டாள். மகளின் மானத்துக்காகத்தான் உள்ளே கிடக்கிறேன் என்று இனிமேல் சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்த மறுகணமே, என்ன மனுஷன் நான் என்றும் இருந்தது.

முத்துத்தாய் அவர் இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டு, அரைநாள் கூலியாவது மிஞ்சட்டும் என்று ஷெட்டுக்குப் போய்விட்டாள். அவர் உள்ளறையில் சட்டையில்லாமல் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

உச்சிவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"பாலம்மா வீடு இதுதானே?"

பாலம்மாள் ஓடிப்போய்க் கதவைப் பாதி திறந்து, பாதிக் கதவுக்குத் தானே மறைவாக நின்றுகொண்டாள்.

"நான் ரகுமத்து உம்மா. மைமூனம்மா. ஒங்கூடப் படிக்காள்லா என் மவ? கடையநல்லூர்ல இருந்து இப்பத்தான் இந்த ஊருக்கு வந்தோம்."

"வாங்க... ரகுமத்து நல்லாருக்காளா?"

"அவ நல்லாருக்கா. நீ இன்னைக்கு ஸ்கூலுக்கு வரலைன்னு சொல்லிச் சோத்துக்கு வந்தா. அதான் தேடி வந்தேன். தொவா கேக்க மாதிரி ஒரு ஒதவி கேட்டு வந்திருக்கேன்னு வச்சுக்க." பெண்ணின் குரல் தாழ்ந்தது. "எங்க வீட்டுக்காரவுக கபீரு துபாய்லதான் இருக்காஹ. நாலு மாசமா ஒரு கடுதாசி இல்ல. ஏஜெண்டுகிட்டக் கேட்டா, இன்னா வரும், நாளைக்கி வரும்ங்கான். ஒங்க அப்பாவும் அங்கனதான் டிரைவரா இருக்காஹளாமே? ரகுமத்து சொன்னா. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு, மனுஷன் இருக்காஹளா இல்லையான்னு ஒரு வரி எழுதச் சொல்லும்மா."

உள்ளறையில் பெருமாள்சாமி தலையைத் தூக்கினார்.

துபாய். டிரைவர். எட்டு மாதமாக அவர் இந்த இருட்டில் படுத்துக் கிடக்க, மகளின் வாயில் அவர் கடல் தாண்டிப் போய் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்!

நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது ஒரு சந்தோஷம். அப்பாடா, துபாயில் இருக்கிறவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் அல்லவா? அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருவில் உட்கார வேண்டாம் என்று மகள் ஏன் அப்படிக் கத்தினாள் என்பதும் இப்போது விளங்கியது.

சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். இல்லைம்மா, நான் சும்மா சொன்னேன் என்று இந்த நிமிஷம் சொல்லிவிடுவாள். நல்ல பிள்ளை.

"சரி" என்றாள் பாலம்மாள். "அப்பாவுக்கு எழுதுதோம்."

"அல்லா ஒன்னய நல்லா வைப்பான்" என்று மைமூனம்மாள் அழுதேவிட்டாள். "யாரு யாருட்டயோ கேட்டேன். ஒரு ஆளு கெடைக்கலியேன்னு இருந்தேன். இன்னைக்குத்தான் எனக்குச் சோறு எறங்கும். இந்தா, பேரீச்சம்பழம். அவுஹ போன தடவை கொண்டாந்தது, கொஞ்சம் மீதி வச்சிருந்தேன். வாங்கிக்க தாயி."

"வேண்டாம்..."

"வாங்கிக்க. எனக்காவ ஒருத்தரு போய்ப் பாக்கப் போறாஹல்லா?"

பெருமாள்சாமி எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சுவரைப் பிடித்தார், நிலையைப் பிடித்தார், காலையில் தன்னைத் தள்ளிவிட்ட நிலைப்படியை ஒரு காலால் தேய்த்தபடியே தாண்டினார். சட்டை இல்லை, துண்டு இல்லை. பாலம்மாளை விலக்கிக் கதவை முழுசாகத் திறந்து தெருவில் இறங்கினார்.

வெயில் முகத்தில் அறைந்தது. கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. அதற்குள் அழுத முகம் ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா இவ அப்பா" என்றார். "துபாய்ல இல்ல. இங்கனதான் இருக்கேன்."

மைமூனம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லீவில் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "எப்ப வந்தீஹ அண்ணாச்சி? அவுஹளப் பாத்தீஹளா?"

"நான் போகவே இல்லம்மா. சீக்கா இருக்கேன். பிள்ளை வெக்கப்பட்டுப் போய்ப் பொய் சொல்லியிருக்கா. அவ மேல தப்பில்ல. வெக்கப்படுத மாதிரி நான்தான் ஒளிஞ்சு கெடந்துட்டேன்."

பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

மைமூனம்மாள் அந்தக் கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். அவள் படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்போ அங்கன யாருமே இல்லையா அண்ணாச்சி?" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கினார். தண்ணீர்க் குடத்தோடு போன ரெண்டு பெண்கள் நின்றார்கள். அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? அடிவயிற்றில் ஒரு திருகு. அவருக்குத் தெரிந்த திருகு. இன்னும் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது என்று சொல்லுகிற திருகு.

கதவைத் தட்டினார். "மக்கா, கதவைத் தெற."

உள்ளிருந்து அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

"தாயி, தெறட்டி. அப்பா உள்ள வரணும்."

திறக்கவில்லை. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்பு கடுத்தது, நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. வாயை மூடிக்கொண்டு நின்றால் கரிசல்காட்டில் நடந்தது தன் வீட்டு வாசலிலேயே நடந்துவிடும். மானமா, சொல்லா? எட்டு மாதமாக டாக்டரம்மாவிடமும் சொல்லாமல், தன் பொண்டாட்டியிடமும் பாதிதான் சொல்லிவந்த பேச்சை, நடுத்தெருவில், நாலு பேர் காதில் விழச் சொன்னார்.

"பாலம்மா, எனக்குக் குடல்ல புண்ணு. வயித்தக் கலக்குது. அடக்க முடியாது தாயி. கதவைத் தெற."

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவரைக்கும் கடவுள் கைவிடவில்லை.

கால் கழுவிக்கொண்டு வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு படுத்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வாசல் கதவு திறந்தே கிடந்தது. படியில் அந்தத் துப்பட்டி இன்னும் தெரிந்தது. அவள் எழுந்து போகவில்லை. போய் என்ன செய்வது என்று தெரியாதவளைப் போல உட்கார்ந்திருந்தாள். பாலம்மாள் ஒரு செம்புத் தண்ணீரோடு அவள் பக்கத்தில் நின்றாள். பேரீச்சம்பழப் பொட்டலம் ரெண்டு பேருக்கும் நடுவே படியில் கிடந்தது.

பெருமாள்சாமி மறுபடியும் தெருவில் இறங்கினார்.

"எங்கூட பஸ் ஓட்டுனவரு பீர் மைதீன்னு ஒருத்தரு. ஒங்க கடையநல்லூருதான். மச்சினமாரு நாலு பேரு துபாய்ல இருக்கானுவ. அவருகிட்டச் சொன்னா, ஆளு எங்கன இருக்காவன்னு கேட்டுச் சொல்லாம இருக்க மாட்டாரு."

"அவுஹளை எங்கன பாக்கது அண்ணாச்சி?"

"பஸ் ஸ்டாண்டுல. நாளைக்குக் காலம்பற பத்து மணி வண்டிய எடுக்க வருவாரு. நீங்க வாங்க. நானும் வாரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை டிரைவர், அத்தனை கண்டக்டர், டீக்கடை, பேப்பர்க் கடை. அவர் வாத்து நடை நடந்து வருவதைப் பார்த்தால் ஒருத்தன் பாக்கியில்லாமல் அந்த ஸ்டாப்பிங்கின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். ஆனால் மைமூனம்மாள் அதற்குள் எழுந்துவிட்டாள். துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாலம்மாளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. தெருமுனை திரும்பும் வரைக்கும் தகப்பனும் மகளும் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரகுமத்து இனிமே எங்கூடப் பேச மாட்டா" என்றாள் பாலம்மாள்.

"பேச மாட்டாதான்" என்றார் அவர். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புலதான் எங்க ஸ்கூலு. பத்து மணிக்குப் பிள்ளைக பூரா கேட்டுலதான் நிக்கும்."

"தெரியும் தாயி."

"ஒங்களால ஒத்தையா நடக்க முடியாது."

முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை.

பாலம்மாள் அழுகையை அடக்கிக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நான் ஒங்ககூட வரணுமா, வேண்டாமாப்பா? அத மட்டும் நீங்களே சொல்லிருங்க."

வா என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. வராதே என்று சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.